தூக்கத்தை விற்று ஷேர் வாங்கலாமா?

‘ஆரோக்கியம் பேசுகிற பத்திரிகையில் ஷேர் மார்க்கெட்டுக்கு என்ன வேலை?’ என்று புருவத்தை உயர்த்துகிறீர்களா? வேலை இருக்கிறது. பர்ஸில் விழுகிற ஓட்டை, பர்ஸோடு நிற்பதில்லை. தூக்கத்தில் விழுகிறது. வயிற்றில் விழுகிறது. சில நேரம் நெஞ்சிலும் விழுகிறது. எங்கள் குடும்பத்தில் நாங்கள் கண்கூடாகப் பார்த்த விஷயம் இது.

1999-ம் வருஷக் கடைசி. ‘கம்ப்யூட்டர்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எல்லோருக்கும் ஜுரம் அடித்த நேரம். கோவையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என் பெரியப்பா. அப்போது அவருக்கு வயது 52. வெற்றிலைகூடப் போடாத மனிதர். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் ஒருவர், ‘‘சாஃப்ட்வேர் ஷேர் வாங்கினேன். மூணே மாசத்துல பணம் டபுள்!’’ என்று சொல்ல, பெரியப்பாவுக்கும் சபலம் தட்டியது. பெண் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே, அதற்குள் பெருக்கிவிடலாமே என்று ஒரு கணக்கு.

பி.எஃப். லோன் கொஞ்சம், பெரியம்மாவுக்குத் தெரியாமல் அடகு வைத்த நகை கொஞ்சம். மொத்தம் 1,20,000 ரூபாய். ஒரு சின்னக் கம்பெனியின் 800 ஷேர்களை, ஒன்று 150 ரூபாய் வீதம் வாங்கிவிட்டார். அந்தக் கம்பெனி ஒரு வருஷம் முன்பு வரை கிரானைட் வியாபாரம் செய்துகொண்டிருந்தது. திடீரென்று பெயருக்குப் பின்னால் ‘இன்ஃபோடெக்’ என்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்!

2000 பிப்ரவரியில் அது 390 ரூபாய்க்கு ஏறியது. 1,20,000 ரூபாய், காகிதத்தில் 3,12,000 ரூபாய். விற்றாரா? இல்லை. ‘‘ஐநூறு வரட்டும்’’ என்றார் தனக்குத்தானே. மார்ச்சில் இறங்க ஆரம்பித்தது. 250-க்கு வந்தபோதும் லாபம்தான். ஆனால், மனசு 390-லேயே நின்றுவிட்டது. ‘கையில் இருந்ததைக் கோட்டை விட்டோமே’ என்ற ஆதங்கத்தில் விற்க மனம் வரவில்லை. அப்புறம் விற்க நினைத்தபோது வாங்க ஆளே இல்லை. ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்தவுடனேயே விலை அடிமட்ட வரம்பைத் தொட்டு நிற்கும். 2001 ஏப்ரலில் ஒரு ஷேர் 14 ரூபாய். கையில் மிச்சம் 11,200 ரூபாய்!

வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ‘இவருக்கு அல்சர்’ என்பதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஹாலில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டில் எரிச்சல். பிள்ளைகள் டி.வி. சத்தம் வைத்தால் கத்தல். ஒரு நாள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பி.பி. 190/110. ஈ.சி.ஜி. நல்லவேளையாக நார்மல். ‘‘மனசுல ஏதாவது பாரம் இருக்குதுங்களா?’’ என்று டாக்டர் கேட்டதும், அந்த அறையிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். பெரியம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

ரெண்டு நாள் அவர் பேசவே இல்லை. மூன்றாம் நாள் சொன்னார்: ‘‘ஏனுங்க, நகை போனதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஒரு வருஷத்துக்கு மேல பக்கத்துலயே படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தீங்களே, அதைத்தான் தாங்க முடியலைங்க.’’

அன்று ஊரே விழுந்தது

பெரியப்பா மட்டும் ஏமாளி இல்லை. 2000 பிப்ரவரி 11 அன்று மும்பை சென்செக்ஸ் 6,000 புள்ளிகளைத் தாண்டியது. 2001 செப்டம்பரில் 2,600-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அமெரிக்காவில் டெக்னாலஜி கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048. 2002 அக்டோபரில் 1,114. பழைய உயரத்தை மறுபடி எட்ட 2015 வரை ஆனது. பதினைந்து வருஷம்! ஒரு குழந்தை பிறந்து பத்தாவது பரீட்சை எழுதுகிற காலம்.

நம் நாட்டில் அந்த ஏற்றத்தின் பின்னால் ஒரு கையும் இருந்தது. மும்பை புரோக்கர் கேதன் பாரேக் குறிப்பிட்ட சில ஷேர்களைத் தூக்கிவிட்டார். ‘கே-10’ என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. சென்னையைச் சேர்ந்த பென்டாமீடியா கிராஃபிக்ஸ், டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர் ஆகியவையும் அவருடைய பிரியமான ஷேர்களாகப் பேசப்பட்டவை. 2001 மார்ச்சில் அவர் கைதானார். அவருக்குப் பணம் கொடுத்த அகமதாபாத்தின் மாதவ்புரா மெர்கன்டைல் கூட்டுறவு வங்கி தள்ளாடியது. ஷேர் பக்கமே போகாமல், அந்த வங்கியில் டெபாசிட் போட்டிருந்தவர்களும் தவித்தார்கள். 2003-ல் செபி அவரை 14 வருஷம் மார்க்கெட் பக்கம் வரக்கூடாது என்று தடை செய்தது.

பெயர் மாற்றும் வித்தையும் நம் ஊர் சரக்கு மட்டும் அல்ல. 1998, 99-ல் அமெரிக்காவில் பெயரோடு ‘டாட்காம்’ சேர்த்துக்கொண்ட கம்பெனிகளை ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். அறிவிப்பையொட்டிய பத்து நாட்களில், அந்த ஷேர்கள் மார்க்கெட்டைவிட சராசரியாக 74 சதவிகிதம் அதிகம் ஏறியிருந்தன. அந்தக் கம்பெனி இன்டர்நெட்டில் நிஜமாகவே தொழில் செய்கிறதா இல்லையா என்பதைக்கூட யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை!

சின்னக் கம்பெனியில் என்ன ஆபத்து?

மார்க்கெட் மதிப்பில் முதல் 250 இடத்துக்குள் வராத கம்பெனிகளை ‘ஸ்மால் கேப்’ என்கிறது செபி. எல்லாமே மோசமா? இல்லவே இல்லை. இன்ஃபோஸிஸ்கூட 1993-ல் 95 ரூபாய்க்கு ஷேர் வெளியிட்டபோது, முழுசாக வாங்க ஆள் இல்லாமல்தான் நின்றது. ‘‘அன்னிக்கு நூறு ஷேர் வாங்கியிருந்தா இன்னிக்குக் கோடீஸ்வரன்!’’ என்று பெருமூச்சு விடாத வீடு இல்லை. ஆனால், அதே காலத்தில் வந்து காணாமல்போன கம்பெனிகளைப் பற்றி யாரும் பெருமூச்சு விடுவதில்லையே! ஜெயித்த குதிரையின் பெயர் மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு மில் என்றால் நிலம், மெஷின், சரக்கு என்று கண்ணால் பார்க்க ஏதோ இருக்கும். புதிய டெக்னாலஜி கம்பெனியில் பெரும்பாலும் இருப்பது ‘நாளைக்குப் பெரிசா வரும்’ என்ற நம்பிக்கை. நம்பிக்கைக்கு விலை போடுவது கஷ்டம். அதனால் அதை ஏற்றிவிடுவது சுலபம். அதிலும் சின்னக் கம்பெனியில் கைமாறுகிற ஷேர்களே கொஞ்சம்தான். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் விலை ஜிவ்வென்று ஏறும். அதைக் காட்டி ‘டிப்ஸ்’ பரப்புவார்கள். நீங்களும் நானும் ஓடிப்போய் வாங்குவோம். அவர்கள் நம் தலையில் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். அன்று டீக்கடையிலும் புரோக்கர் ஆபீஸிலும் பரவிய டிப்ஸ், இன்று செல்போனில் குழு குழுவாக வருகிறது. வழி மாறியிருக்கிறது, வலை மாறவில்லை.

உடம்பு என்ன செய்கிறது?

பணம் போகிறது என்று மூளை உணர்ந்தவுடன், புலியைப் பார்த்தது போலத்தான் உடம்பு நடந்துகொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் கொட்டுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. புலி என்றால் அஞ்சு நிமிஷத்தில் விஷயம் முடிந்துவிடும். ஷேரோ மாசக்கணக்கில் எதிரில் நிற்கிற புலி! அதனால்தான் தூக்கம் கெடுகிறது, அசிடிட்டி வருகிறது, கோபம் வருகிறது. ஏற்கெனவே பி.பி., சுகர் இருப்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை.

லண்டனில் ஷேர் வியாபாரம் செய்பவர்களின் உமிழ்நீரைச் சோதித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மார்க்கெட் எந்த அளவுக்கு ஆடுகிறதோ, அந்த அளவுக்கு அவர்களின் கார்ட்டிசாலும் ஏறியிருந்தது. தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கே இந்தக் கதி!

சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு இன்னும் ஆச்சரியம். மார்க்கெட் பலமாக இறங்கிய நாட்களில் மட்டும் அல்ல, பலமாக ஏறிய நாட்களிலும் இதய நோய் மரணங்கள் கூடியிருந்தன. அதாவது, அதிர்ச்சி மட்டும் அல்ல, ஆனந்தப் படபடப்பும் இதயத்துக்குச் சுமைதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1983 முதல் 2011 வரையிலான ஆஸ்பத்திரி அட்மிஷன்களைப் பார்த்தபோது, மார்க்கெட் சரிந்த அன்றே மனநலப் பிரச்னைகளோடு அதிகம் பேர் வந்திருந்தது தெரிந்தது.

இன்னொன்று. ஆயிரம் ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட, ஆயிரம் ரூபாய் போன வலி ஏறக்குறைய ரெண்டு மடங்கு என்று டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற மனோதத்துவ அறிஞர்கள் காட்டினார்கள். பெரியப்பா விற்காமல் உட்கார்ந்திருந்ததன் ரகசியம் இதுதான். விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும், அந்த வலியைத் தள்ளிப்போடத்தான் மனசு பார்க்கும்.

இன்று கையிலேயே மார்க்கெட்

பெரியப்பா மார்க்கெட்டைப் பார்க்க புரோக்கர் ஆபீஸுக்கு பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது. இன்று அது சட்டைப் பையில் இருக்கிறது. காலை 9.15-லிருந்து 3.30 வரை, வகுப்பிலும் ஆபீஸிலும் பாத்ரூமிலும்கூட விலை பார்க்கலாம். எப்போது லாபம் வரும் என்று தெரியாமல், எப்போதாவது வருகிறதே, அதுதான் மனசைக் கட்டிப்போடுகிறது. சூதாட்டத்தில் நடப்பதும் இதேதான்.

பலன்? ஒரே நாளில் ஷேரை வாங்கி விற்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் 2022-23-ல் நஷ்டப்பட்டார்கள் என்கிறது செபியின் ஆய்வு. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போன தனிநபர்களில் 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! நூற்றில் ஏழு பேராக நாம் இருப்போம் என்றுதான் நூறு பேரும் நினைக்கிறோம்.

வீட்டார் கவனிக்க...

* ராத்திரி தூக்கம் இல்லாமல் செல்போனில் விலை, வெளிநாட்டு மார்க்கெட் பார்ப்பது.
* காரணம் இல்லாத எரிச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, அடிக்கடி ஏப்பம், நெஞ்செரிச்சல்.
* பேங்க் கடிதங்களை மறைப்பது, புதுக் கடன், பீரோ நகையில் கணக்குக் குறைவது.
* ‘விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடறேன்’ என்ற வசனம்.
* புதிதாகக் குடிப்பழக்கம் அல்லது தானாகவே தூக்க மாத்திரை.

இதில் ரெண்டு, மூன்று சேர்ந்திருந்தால், சண்டை போடாமல் உட்கார்ந்து பேசுங்கள். ‘‘எவ்வளவு போச்சு?’’ என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, ‘‘தூங்கி எத்தனை நாள் ஆச்சு?’’ என்பதாக இருக்கட்டும். மார்பு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் ‘கேஸ்தான்’ என்று சோடா குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ‘வாழ்ந்து என்ன பயன்’ என்கிற மாதிரி பேச்சு வந்தால் அலட்சியம் வேண்டாம். அவரைத் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம்.

வாங்கத்தான் வேண்டுமா? அப்படியானால்...

* கடன் வாங்கியோ, நகை வைத்தோ வேண்டவே வேண்டாம். கல்யாணம், படிப்பு, வைத்தியத்துக்கான பணத்தைத் தொடாதீர்கள்.
* முழுசாகப் போனாலும் அடுத்த மாச மளிகை நிற்காது என்கிற தொகை மட்டும் போடுங்கள்.
* கணவன், மனைவி இருவருக்கும் தெரியாமல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. வாங்கிய விலை, எந்த விலைக்கு விற்பது என்பதை வாங்குகிற அன்றே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.
* கம்பெனி என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது, கடந்த மூன்று வருஷம் லாபம் உண்டா? ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.
* தெரியாத எண்ணிலிருந்து வரும் டிப்ஸை அழித்துவிடுங்கள். ஆலோசகர் என்றால் செபி பதிவு எண் கேளுங்கள்.
* விலையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். படுக்கையறைக்குள் செல்போன் வேண்டாம்.

பெரியப்பா வீட்டுக் கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளி, மருதமலைக் கோயிலில் சிம்பிளாக நடந்தது. நகையை மீட்க நாலு வருஷம் ஆனது. 2001-ல் ஆரம்பித்த பி.பி. மாத்திரை இன்றும் தொடர்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, பேரன் ஏதோ ஒரு புது டெக்னாலஜி ஷேர் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியப்பா குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, ‘‘வாங்கறது உன் இஷ்டம் கண்ணு. ஆனா, வாங்கற அன்னிக்கே உங்கம்மாகிட்டச் சொல்லிடு’’ என்றார் மெதுவாக.

பேரன் போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். நீங்களும் இன்று ராத்திரி விளக்கை அணைக்கும் முன், வீட்டில் சொல்லாத கணக்கு ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் வருகிற தூக்கம் எந்த மாத்திரையாலும் வராது!