தேயாமலே கிழடாகும் டயர்

"பட்டன் முழுசா இருக்கே சார், இதை ஏன் கழற்றணும்?" என்றார் கடைப் பையன்.

போன ஆடி மாதம், பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு டயர் கடை. நண்பரின் சான் ஸ்டார்ம் காரை வாசலில் நிறுத்தியிருந்தோம். பையன் சொன்னதில் பொய் இல்லை. நான்கு டயரிலும் பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச்சுவரில், ஒரு நீள்வட்டத்துக்குள், 3112 என்று நான்கு எண்கள். 2012ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் பிறந்த டயர். பதின்மூன்று வயது. நகத்தால் அழுத்தியும் ரப்பர் கொஞ்சமும் இளகவில்லை. பட்டன்களின் அடியில் தலைமயிர் கனத்துக்கு வெடிப்புகள்.

பையன் உள்ளே போய் ஒரு 'புது' டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் இருந்த எண் 1121.

"இதுவே நாலு வருஷப் பழசாச்சேப்பா."

"டேட்டெல்லாம் எதுக்கு சார்? ரப்பர்தானே, பாலா தயிரா கெட்டுப்போக?"

ரப்பர் கெட்டுப்போகும். காற்றும் வெயிலும் ஓசோனும் அதை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். தினமும் ஓடும் டாக்சிக்கு இது பெரிய கவலை இல்லை. வயதாவதற்கு முன்பே அதன் டயர் தேய்ந்து மொட்டையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நந்தி மலை வரை போய்த் திரும்பி, மீதி ஆறு நாள் துணி போர்த்தி நிற்கும் கார்களுக்குத்தான் இந்த ஆபத்து. பார்வைக்குப் புதிது, பிடிப்பில் கிழடு. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிட வேண்டும் என்று மிஷலின் நிறுவனமே சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 94 அளக்கச் சொல்வது பட்டனின் ஆழத்தை. காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். வயதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சான் ஸ்டார்மைப் பலர் மறந்திருப்பார்கள். பெங்களூரு நிறுவனமான சான் மோட்டார்ஸ் கோவாவில் தயாரித்து 1998இல் கொண்டுவந்த இருவர் கார் அது. கூரை திறக்கும், உடம்பு கண்ணாடி நாரிழை, எஞ்சின் ரெனோவின் 1149 சி.சி. மகாராஷ்டிரத்தின் அலிபாக்கில் கட்டிய சிங்காரா ரோட்ஸ்டரையும் சேர்த்தால், இந்தியா சொந்தமாகச் செய்த இலகு ஸ்போர்ட்ஸ் கார்களின் கணக்கு அநேகமாக முடிந்துவிடும். உலகமே கொண்டாடும் மாஸ்தா எம்.எக்ஸ்-5 இங்கே விற்பனைக்கே வரவில்லை. அந்த ஏக்கத்தைப் பெங்களூருப் பிள்ளைகள் ஸ்விஃப்டிலும் போலோவிலும் தீர்த்துக்கொள்கிறார்கள். தப்பில்லை. 2018இல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட் 900 கிலோவுக்குள் நிற்கும் கார். டயர் விஷயத்தில் அதுவும் இலகு கார்தான்.

இலகு கார் என்றால் டயரில் என்ன வித்தியாசம்? சூடு. ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிர்கிறது. அதில் ரப்பர் சூடேறி, இளகி, தாரின் சொரசொரப்புக்குள் புகுந்து பிடிக்கிறது. ஒன்றரை டன் எஸ்.யு.வி. நசுக்குகிற மாதிரி 900 கிலோ கார் நசுக்காது. கனமான வண்டிக்காகக் கெட்டியாகச் செய்த டயரை இதில் மாட்டினால் அது கடைசிவரை சூடேறாது. பள்ளத்தில் துள்ளும், வளைவில் வழுக்கும். பந்தயத் தடத்துக்கென்று செய்த அரைவழுக்கை டயருக்கும் இதே கதி. ஆடி, ஆவணியில் பெங்களூருக் காலை 20 டிகிரி. சில்க் போர்டு நெரிசலில் வேகம் பத்தோ பதினைந்தோ. அந்த டயர் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும்.

அகலத்தின் மேல் இருக்கும் மோகமும் இப்படித்தான். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ், வளைவில் ஓட்டுவதற்கென்றே பிறந்த கார், எடை 725 கிலோ. அதன் முன் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். நம் ஸ்விஃப்டின் டயர் அகலம். பின் டயர் 205. அந்தக் காருக்கே போதுமானது நமக்குப் போதாதா? மழையில் அகல டயர் இலகு காருக்கு எதிரியே ஆகிவிடுகிறது. குறைந்த எடை அதிகப் பரப்பில் பரவும்போது டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடாமல் அதன் மேலே மிதக்கத் தொடங்கும். மைசூரு விரைவுச் சாலையில் மழையில் ஒருமுறை ஸ்டீயரிங் கையில் வெறுமையானதை உணர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதி 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கலாம். இலகு காரில் பட்டன் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி.

டயரின் மேல் 185/65 R15 88H என்று எழுதியிருந்தால், 88 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். H என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ கையேட்டிலோ உள்ள குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. மேலே ஏறிக்கொண்டே போவதிலும் பெருமை இல்லை.

ரிம்மைப் பெரிதாக்க ஆசைப்பட்டால் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். 165/80 R14, 185/65 R15, 195/55 R16 மூன்றுக்கும் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர்தான். ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர்ச் சுவர் சிறுத்து ஈடுகட்டுகிறது. இதைக் கவனிக்காமல் 'கொஞ்சம் அகலமா போடுங்க' என்று 205/65 R15 மாட்டினால் விட்டம் 647 ஆகிவிடும். மீட்டரில் 80 காட்டும்போது நீங்கள் போவது 83. கேமரா உங்கள் மீட்டரைப் பார்த்து அபராதம் போடுவதில்லை. சுவர் சிறுத்த டயரோ பெங்களூருப் பள்ளத்தில் இடிபட்டால் ரிம் நெளியும், உள்நூல் அறுந்து பக்கச்சுவரில் கொழுக்கட்டை போல வீக்கம் கிளம்பும்.

சட்டமும் இங்கே குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் சொல்லாமல் செய்த மாற்றத்தைத்தான். கையேட்டில் உள்ள அளவுகளுக்குள் நின்றால் இந்தப் பேச்சே எழாது.

இனி கடைக்குள் போவோம். 2009ஆம் ஆண்டுத் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, இந்தியாவில் விற்கும் கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வெளிநாட்டு டயருக்கும்தான். முத்திரைக்கு அருகே ஐ.எஸ். 15633 என்ற தர எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போன பிறகு, 'ஜப்பான் மால் சார், நமக்குத் தெரிஞ்ச பார்ட்டி' என்று காதோடு சொல்லி விற்கும் டயர்களை இருமடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். முத்திரை இல்லாத டயரை விற்றால் புகார் கொடுக்கும் இடம் பெங்களூருவிலேயே, பீன்யாவில் உள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனக் கிளை அலுவலகம். குஜரிக் கடையில் மொட்டை டயருக்குக் கத்தியால் புதுக் காடி வெட்டி, கறுப்பு பாலிஷ் பூசி வைத்திருப்பார்கள். காடியின் அடியில் தேய்மான அளவுக் கட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டிய காடியில் அவை இருக்காது.

பழைய தேதி டயரை விற்பதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. மறைத்து விற்பது வேறு விஷயம். பொருளின் தரம், விலை பற்றித் தெரிந்துகொள்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் உரிமை. பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். ஆகவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். டயர் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்றும் ஒரு பார்வை பாருங்கள். 'பில் இல்லாம வாங்கினா மிச்சம்' என்று சொல்லும் கடையில், மிச்சமாவது அந்தப் பதினெட்டு சதவீதம். கைவிட்டுப் போவது உத்தரவாதம் முழுவதும்.

அந்த உத்தரவாதத்திலும் சூட்சுமம் உண்டு. டயர் நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வது தயாரிப்புக் குறையை மட்டும். அதிலும் தேய்ந்த பங்கைக் கழித்துத்தான் தருவார்கள்: பயன்படுத்தக்கூடிய ஆழத்தில் பாதி தேய்ந்திருந்தால் விலையில் பாதி. பள்ளத்தில் விழுந்து வந்த வீக்கத்தைச் சாதாரண உத்தரவாதத்தில் சேர்க்க மாட்டார்கள். சில நிறுவனங்கள் உத்தரவாதக் காலத்தைத் தயாரிப்புத் தேதியிலிருந்தே எண்ணுகின்றன. அப்படியானால் நான்கு வருடம் கிடங்கில் தூங்கிய டயரை வாங்குபவர் நான்கு வருட உத்தரவாதத்தையும் சேர்த்து இழக்கிறார். டயரை ஆய்வு செய்த நிறுவன எஞ்சினியர் 'இது உங்கள் தவறு' என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை எந்த நுகர்வோர் ஆணையத்திலும் காட்ட முடியாது.

காப்பீட்டை நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் வெடித்தால் ஒன்றும் கிடைக்காது. அதே சமயத்தில் காரும் சேதமடைந்திருந்தால்தான் டயர் விலையில் 50 சதவீதம். டயருக்கென்று தனி இணைப்பு பாலிசி உண்டு. பெங்களூருச் சாலைகளுக்கு அது வீண் செலவில்லை. பள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் மாநகராட்சியிடம் இழப்பீடு கேட்கலாம் என்று 2019இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. கேட்பவருக்கு இடம், தேதி, படம் மூன்றும் கையில் வேண்டும். டயர் வீங்கியதும் முதலில் செல்பேசியை எடுத்துப் பள்ளத்தைப் படம் பிடியுங்கள், பிறகு ஜாக்கியை எடுக்கலாம்.

கடையும் நிறுவனமும் கைவிரித்தால் முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பெங்களூரு நகர மாவட்டத்துக்கு அது சாந்தி நகர் பேருந்து நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. நேரில் போக வேண்டும் என்பதில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனு போடலாம். 5 லட்ச ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. ஓசூரில் குடியிருந்து பெங்களூருவில் டயர் வாங்கியவர், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். குறையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாதபோது டயரை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே வெடித்த டயரைக் கோபத்தில் பங்சர் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் முதல் சாட்சி.

அன்றைக்கு நாங்கள் அந்த 1121ஐ வாங்கவில்லை. இரண்டு கடை தள்ளி, அதே அளவில் எட்டு வாரத்துக்கு முந்தைய டயர்கள் கிடைத்தன. பில்லில் ஒவ்வொரு டயரின் தேதி எண்ணையும் எழுதித் தரும்படி கேட்டபோது முதலாளி முகம் சுளித்தார். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார், முத்திரையும் வைத்தார். நண்பர் அதை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கி, உங்கள் காரின் டயர்களைப் பாருங்கள். தேதி எண் பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில்தான் இருக்கும். வெளியே தெரியாவிட்டால் குனிந்து உள்பக்கம் டார்ச் அடியுங்கள். ஸ்டெப்னியை மறந்துவிட வேண்டாம். பெரும்பாலான கார்களில் எல்லாவற்றிலும் கிழடு அதுதான்.