ஒளியைத் திரட்டும் புரத வளையங்கள்

ஒளித்தொகுப்பு என்றவுடன் பச்சிலைகளே நம் நினைவிற்கு வருவன. ஆயின், ஒட்சிசனை வெளிவிடாது ஒளித்தொகுப்பு நடத்தும் ஊதாப் பற்றீரியாக்களும் உலகில் உள. தேங்குநீரில், ஒட்சிசன் அருகிய ஆழத்தில், இவை வாழ்கின்றன. மேலே மிதக்கும் பாசிகள் கட்புலனாகும் ஒளியிற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொள்ள, எஞ்சிய ஒளியும் செந்நிறத்திற்கு அப்பாற்பட்ட கதிர்களுமே இவற்றை அடைகின்றன. அச்சிறு வருவாயைக் கொண்டு இவை உயிர்வாழுமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஒளிச்சத்தியை இரசாயனச் சத்தியாக மாற்றத் தொடங்கும் இடம் தாக்க மையம் எனப்படும். அதன் அமைப்பைக் கண்டமைக்காக டைசன்கோபர், ஊபர், மிசேல் என்னும் மூவர் 1988ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். மங்கிய ஒளியில் இம்மையம் தனித்து நின்று போதிய சத்தியைப் பெறமாட்டாது. ஆதலின், ஒளியைத் திரட்டிக் கொடுக்கும் புரதத் தொகுதிகள் அதற்குத் துணையாக உள. மையத்தை அணைந்து சூழ்வது முதலாந் தொகுதி. அதற்குப் புறத்தே மென்சவ்வில் பரந்திருப்பது இரண்டாந் தொகுதி.

இரண்டாந் தொகுதியின் அமைப்பைக் கிளாசுக்கோவில் ஆய்வு நடத்திய கொக்டெல், ஐசாக்சு முதலியோர் 1995இல் எக்ஸ்கதிர்ப் பளிங்கியல் முறையால் வெளிப்படுத்தினர். அவர்கள் ஆராய்ந்த இனத்தில், அல்பா, பீற்றா என்னும் இரு சிறு புரதங்கள் இணைந்த 9 சோடிகள் வட்டமாக நிற்கின்றன. அவை தாங்கும் பற்றீரியப் பச்சைய மூலக்கூறுகள் 27. இவற்றுள் 18 மிக நெருங்கி நின்று ஒரு வளையமாகி 850 நனோமீற்றர் அளவிலும், ஏனைய 9 இடைவிட்டு நின்று 800 நனோமீற்றர் அளவிலும் ஒளியை உறிஞ்சுகின்றன. 1996இல் ஆராயப்பட்ட வேறோர் இனத்திலோ சோடிகள் 8 ஆகும்.

இங்கு வியத்தற்குரியது ஒன்றுண்டு. கரைப்பானிற் கரைந்த இதே பச்சையம் ஏறத்தாழ 770 நனோமீற்றரிலேயே ஒளியை உறிஞ்சும். புரதத்தினுட் புகுந்ததும் அது 800, 850 எனவும், முதலாந் தொகுதியில் ஏறத்தாழ 875 எனவும் வேறுபடுகின்றது. மூலக்கூறு ஒன்றே, வேற்றுமை அது நிறுத்தப்பட்ட நிலையினாலும் சூழலினாலும் விளைந்தது.

அலைநீளம் மிகுந்தோறும் சத்தி குறையும். ஆகவே 800இற் பெற்ற சத்தி 850இற்கும், அங்கிருந்து 875இற்கும், மேட்டுநீர் பள்ளம் நாடுவதுபோல் இறங்கி, ஈற்றில் மையத்தை அடைகின்றது. முதற் கைமாற்றத்திற்குச் செல்லுங் காலம், செக்கனை இலட்சங்கோடி கூறாக்கின் ஏறத்தாழ ஒரு கூறே. இறுதிக் கைமாற்றத்திற்குச் சில பத்துக் கூறுகள் வேண்டும். தாமதிப்பின் ஏறத்தாழ ஆயிரங் கூறுகளுள் அச்சத்தி வீணாய்விடும். பச்சைய மூலக்கூறுகள் ஒழுங்கின்றி நெருங்கினும் அது வெப்பமாய்க் கழியும். அங்ஙனம் கழியாவண்ணம் ஒவ்வொன்றையும் உரிய தூரத்திலும் திசையிலும் நிறுத்துவதே புரதத்தின் பணி.

சூரிய ஒளியைப் பயன்கொள்ளும் செயற்கைத் தொகுதிகளை ஆக்க முயல்வோர் இவ்வளையங்களைக் கூர்ந்து நோக்குவதன் காரணமும் இதுவே. உறிஞ்சும் பொருளைப் பெருக்குதல் மட்டும் போதாது. அதனை ஒழுங்குபட நிறுத்துதலும் வேண்டும்.