முண்டு மிளகாய்க்குப் பெயர் கிடைத்தது, விவசாயிக்கு என்ன கிடைத்தது?

மாசி, பங்குனியில் ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி பக்கம் போனால் களமெல்லாம் சிவப்பாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த முண்டு மிளகாய் வற்றலாகக் காய்ந்துகொண்டிருக்கும். கோலிக்குண்டு போல உருண்டு, தோல் தடித்து, பளபளவென்று இருக்கும் இதை நீளச் சம்பா மிளகாயோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு வந்துவிட்டதால் விளைவிக்கும் எல்லோருக்கும் உரிமை தானாக வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, விண்ணப்பித்த அமைப்பு பதிவு உரிமையாளர் ஆகிறது. விவசாயியோ ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தில் இதற்கு ஜி.ஐ.3 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஒரு டீக்குக்கூடப் போதாத காசு!

பதிவு செய்யாவிட்டால் என்ன நட்டம்? இந்தச் சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்று சொல்லும்போது விளைவிப்பவரோடு பதப்படுத்துபவரையும், பொட்டலம் போடுபவரையும், வியாபாரம் செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. விவசாயிகள் ஒதுங்கி நின்றால் பதிவேட்டில் வியாபாரிகளின் பெயர்கள் மட்டுமே இருக்கும் நிலை வரலாம். குறியீட்டுப் பெயரில் விற்கும் உரிமையும், வழக்குத் தொடரும் உரிமையும் அந்தப் பதிவேட்டில் இருப்பவர்களுக்குத்தான்.

வேறு ஊர் மிளகாயைச் சாக்கில் கட்டி ராமநாதபுரம் முண்டு என்று எழுதி விற்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். குற்ற வழக்கும் உண்டு: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவாளரின் கருத்தைக் கேட்டுவிட்டு, பிடியாணை இல்லாமலேயே சரக்கைப் பறிமுதல் செய்யலாம். குறியீட்டை அடகு வைக்கவோ பிறருக்கு மாற்றிக் கொடுக்கவோ முடியாது. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும்.

விளைபொருளின் பெயரைக் காக்கும் இதே போராட்டத்தை எத்தியோப்பியா வேறு வழியில் நடத்தியது. ஹரார், சிடாமோ, யிர்காச்செஃபே என்ற தன் காபிப் பெயர்களை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய 2005-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அங்குள்ள காபி நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. உலகெங்கும் எழுந்த ஆதரவுக் குரலுக்குப் பிறகு 2007-இல் ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனம் எத்தியோப்பியாவுடன் ஒப்பந்தத்துக்கு வந்தது. ஏழை விவசாயிகளுக்கு எந்த வகைப் பதிவு உதவும் என்பது போன்ற கேள்விகளை ஆப்பிரிக்க ஆய்வாளர்களே ஆராய வேண்டும் என்ற எண்ணத்தோடு, கேப் டவுன், ஒட்டாவா பல்கலைக்கழகங்கள் பங்கேற்கும் ‘ஓபன் ஏர்’ ஆய்வு வலையமைப்பு இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வழங்கியிருக்கிறது.

இந்தியாவிலும் மத்திய அரசின் ‘ஸ்ப்ரிஹா’ திட்டத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று பல்கலைக்கழகங்களில் ஆய்விருக்கைகள் நிறுவப்படுகின்றன. ராமநாதபுரத்துப் பிள்ளைகள் இப்படியோர் உதவித்தொகையோடு கமிஷன் கடைக் கணக்கை எடுத்து ஆராய வேண்டும். குறியீட்டுக்கு முன்பும் பின்பும் விவசாயி கையில் விழுந்த விலை எவ்வளவு என்று அவர்கள்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். அதற்குள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒரு நாள் முகாம் போட்டு, உறுப்பினர்களின் விண்ணப்பங்களை மொத்தமாகக் கிண்டிக்கு அனுப்பிவிடலாம்.