மஞ்சள் பேருந்து வீடானால், எடை எங்கே போகும்?

மாணவர்களே, அமெரிக்காவில் பள்ளிப் பேருந்துகளும் ஓய்வு பெறும். பல ஆண்டுகள் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பிறகு அவை ஏலத்துக்கு வருகின்றன. அவற்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் பொருத்தி, வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. இந்த வாகனத்துக்கு ‘ஸ்கூலி’ என்று செல்லப் பெயர். யூடியூப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காணொளிகளில் திரைச்சீலையையும் சமையல் மேடையையும் அழகாகக் காட்டுவார்கள்; எடை போட்ட சீட்டை அரிதாகத்தான் காட்டுவார்கள். நாம் இன்று அந்தச் சீட்டைப் பார்ப்போம்.

முதலில் உரிமம். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், கார் ஓட்டும் உரிமம் இருந்தாலே பெரிய டிரெய்லர் லோரியையும் பேருந்தையும் ஓட்டலாம். 1986-இல் இயற்றப்பட்ட வர்த்தக வாகனப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1992 ஏப்ரல் முதல், கனரக வாகனம் ஓட்டுவோர் தனித் தேர்வு எழுதி, தனி உரிமம் பெற வேண்டும் என்றாயிற்று. எந்த வாகனம் கனரகம்? நமக்குத் தேவையான அளவுகோல்கள் இரண்டு: வாகனத்தின் எடை வரம்பு 26,001 பவுண்டு (ஏறக்குறைய 11,794 கிலோ) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது ஓட்டுநரையும் சேர்த்து 16 பேருக்குக் குறையாமல் ஏற்றும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

‘எடை வரம்பு’ என்றேனே, அதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அது தராசில் ஏற்றிப் பார்க்கும் எடை அல்ல. இந்த வாகனம் சுமையோடு சேர்த்து அதிகபட்சம் இவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் நிர்ணயித்து, ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் தகட்டில் பொறித்து வைக்கும் எண். பேருந்தின் உள்ளே ஒன்றுமே இல்லாமல் தராசு 9,000 கிலோ என்று காட்டலாம். தகட்டில் 29,000 பவுண்டு என்று இருந்தால், சட்டத்தின் கணக்கில் அது 29,000 பவுண்டு வாகனம்தான். மலேசியாவில் ‘டி’ உரிமத்தின் 3,500 கிலோ வரம்பு சுமையில்லாத வெறும் எடையைக் குறிக்கிறது, அங்கே நேர்மாறு. ‘எடை’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை எடைகள் இருக்கின்றன. கேள்வியைச் சரியாகப் படியுங்கள் என்று வகுப்பில் நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் ஸ்கூலியில் வசிப்பவர் எல்லாரும் கனரக உரிமம் வைத்திருக்கிறார்களா? இல்லை. மத்தியச் சட்டம் வர்த்தகத்துக்காக ஓடும் வாகனங்களுக்கு உரியது. பேருந்தை ‘மோட்டார் வீடு’ என மறுபதிவு செய்து, சொந்த உபயோகத்துக்கு மட்டும் ஓட்டினால், அந்தந்த மாநிலத்தின் விதியே பொருந்தும். பல மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும். நியூயார்க்கில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட வீட்டு வாகனத்துக்கு உரிமத்தில் ‘ஆர்’ என்ற கூடுதல் அனுமதி பெற வேண்டும். கலிபோர்னியா நீளத்தைப் பார்க்கிறது: 40 அடிக்கு மேற்பட்ட வீட்டு வாகனத்துக்குத் தனி வகை உரிமம் வேண்டும். முழுநீளப் பள்ளிப் பேருந்துகளே பெரும்பாலும் 40 அடிக்குள் அடங்கிவிடுவதால் அவை தப்பித்துக்கொள்கின்றன.

எனக்கு இது சற்று உறுத்தலாகவே இருக்கிறது. காரணத்தை ஒரு கணக்கில் காட்டுகிறேன். 1,200 கிலோ கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 3 லட்சம் ஜூல். அதே வேகத்தில் 11,000 கிலோ பேருந்தின் இயக்க ஆற்றல் 27 லட்சம் ஜூலுக்கு மேல். நிற்க வேண்டுமானால் அத்தனையையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். சிறிய கியரில் இறங்கும் பழக்கத்தைக் கனரக ஓட்டுநருக்குத் தேர்வுக்கு முன்பே கற்றுக்கொடுக்கிறார்கள். கார் உரிமத்தோடு வருபவர் அதைத் தானாகத் தேடிப் படிக்க வேண்டும்.

பெரிய பேருந்துகள் பலவற்றில் இருப்பது காற்று பிரேக். மிதியை அழுத்தியதும் காற்று குழாய் வழியே சக்கரம்வரை போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடி பிடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்றால் 11 மீட்டர். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே அவ்வளவு தூரம் ஓடிவிடும்! இன்னொன்றும் உண்டு. காற்றழுத்தம் வெகுவாகக் குறைந்தால், வலுவான சுருள்வில் தானே விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாவிட்டால் வண்டி நிற்க வேண்டும், ஓடக்கூடாது என்ற இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இலேயே ரயிலுக்கு அப்படிப்பட்ட பிரேக்கை உருவாக்கிவிட்டார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வீட்டுச் சாமான்களை ஏற்றினால் பேருந்து வரம்பைத் தாண்டிவிடாதா? 72 பிள்ளைகள் அமரும் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடை வரம்பைக் கணக்கிடும்போது பள்ளிப் பேருந்தில் பயணி ஒருவருக்குக் குறைந்தது 120 பவுண்டு ஒதுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 72 பேருக்கு அது 3,900 கிலோவுக்கு மேல். கழற்றிய இருக்கைகளின் எடை வேறு மிச்சம். ஆக, மொத்த எடையில் தாராளமாகவே இடம் இருக்கிறது. சிக்கல் அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதில்தான்.

பிள்ளைகள் பேருந்து முழுவதும் பரவி அமர்வார்கள். தண்ணீர்த் தொட்டி அப்படி அல்ல. ஒரே இடத்தில் உட்காரும். 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ. அதைப் பின் கதவுக்கு அருகில், பின் அச்சிலிருந்து 2.1 மீட்டர் தள்ளி வைத்ததாகக் கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 7 மீட்டர். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? பின் அச்சைத் தாங்குபுள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி பின்பக்கம் கீழே அழுத்தும்போது முன்பக்கம் மேலே எழப் பார்க்கும். 400-ஐ 2.1-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 120. அதாவது முன் அச்சின் சுமை 120 கிலோ குறைகிறது. பின் அச்சோ 400 அல்ல, 520 கிலோவைக் கூடுதலாகத் தாங்குகிறது.

அதோடு மின்கலங்களையும் விறகு அடுப்பையும் பின்னாலேயே வைத்தால்? மொத்த எடை வரம்புக்குள்தான் இருக்கும். பின் அச்சும் பின் டயர்களும் மட்டும் தம் வரம்பைத் தாண்டிவிடலாம். தகட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு எழுதியிருப்பது இதனால்தான். முன் சக்கரங்களில் சுமை குறைந்தால் சாலையைப் பிடிக்கும் உராய்வு குறையும். ஈரச் சாலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராக வழுக்கிப் போகக்கூடும். வண்டியில் உறங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கும் எதிரே வரும் காருக்கும் அதுதான் ஆபத்து.

அச்சுச் சுமையைப் பற்றிச் சாலைப் பொறியாளர்களுக்கும் கவலை உண்டு. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகே, சோதனைச் சாலைகள் போட்டு, லோரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்குக்கு ஏற்றவாறு கூடுகிறது என்பது அதில் கிடைத்த தோராய விதி. சுமை இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 600 கிலோ தாங்கும் கார் அச்சையும் 7,000 கிலோ தாங்கும் பேருந்து அச்சையும் கணிப்பொறியில் போட்டுப் பாருங்கள். 18,500 மடங்குக்கு மேல் வரும். மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் தனி அச்சுக்கு 20,000 பவுண்டு, அதாவது 9,072 கிலோ, என்று உச்சவரம்பு வைத்திருப்பது வீண் கெடுபிடி அல்ல.

விவரமான ஸ்கூலிக்காரர்கள் லோரிகள் தங்கும் நிலையங்களில் உள்ள தராசில் வண்டியை ஏற்றுகிறார்கள். அந்தத் தராசு ஒரே பலகையாக இருக்காது. முன் அச்சும் பின் அச்சும் தனித்தனிப் பலகையில் நின்று, சீட்டில் தனித்தனி எண்ணாக வரும். தொட்டி நிரம்பியிருக்கும்போதும், எல்லாரும் ஏறியிருக்கும்போதும் எடை போடுவதே சரி. காலித் தொட்டியோடு போட்ட சீட்டால் அதிகப் பயன் இல்லை.

இப்போது ஒரு வேலை. அதே 400 கிலோ தொட்டியைப் பின் அச்சுக்கு 2 மீட்டர் முன்னால், கட்டிலுக்கு அடியில் வையுங்கள். முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு? எனக்கு 114-ம் 286-ம் வந்தன. உங்களுக்கு?