இசைத்தட்டுக் கருவியின் கைக்கு எண்ணெய் வேண்டுமா?

இண்டூர் போன்ற சிற்றூர்களில் ஒரு காலத்தில் திருமணம் என்றால் ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் இன்றியமையாதவை. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டின்மேல் எஃகு ஊசி பாரத்துடன் அழுந்தி ஓடிற்று. 1948இல் நுண்வரிகள் கொண்ட நெடுந்தட்டு வந்தது. ஊசியின் பிடிப்பு மென்மையாயிற்று. புதியதொரு சிக்கலும் பிறந்தது.

வளைந்து கொடுக்கும் பிடிப்பு ஒரு வில். அதன்மேல் அமைந்த கை ஒரு பாரம். வில்லும் பாரமும் சேர்ந்தால் அவற்றுக்கென இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையும் பேராட்டமாகிறதன்றோ? இதுவே ஒத்ததிர்வு.

தட்டின் நெளிவுகள் ஊசியை நொடிக்குச் சில முறையே தூக்குகின்றன. செவிக்கு எட்டும் ஒலியோ ஏறத்தாழ 20 அதிர்வுகளில் தொடங்குகிறது. ஆகவே கையின் இயல்பதிர்வை இவ்விரண்டுக்கும் இடையே, 8 முதல் 12க்குள் அமைப்பர். பொருத்தம் தவறினால் கை துள்ளும். ஊசி வரியைத் தாண்டும்.

அங்கே சிலிக்கோன் எண்ணெய் துணை செய்கிறது. கையோடு இணைந்த சிறு தகடு எண்ணெய்க் கிண்ணத்தில் அமிழ்ந்திருக்கும். தேனில் கரண்டியை விரைந்து அசைக்க முடியாது, மெல்ல நகர்த்தலாம். அவ்வாறே துள்ளல் அடங்கும். கையின் மெதுவான பயணம் தடைப்படாது.

எண்ணெய் தடித்தால் கேடு. நெளிவோடு கை எழுந்து தாழ இயலாது. ஊசி வரியின் சுவரைத் தேய்க்கும். மறுபதிப்புக் காணாத பாடலாயின் அவ்விழப்பு மீளாதது.

ஆகவே, மாணவர்களே, முதலில் பொருத்தம். அது குறைந்த இடத்தில் மட்டுமே எண்ணெய், அதுவும் அளவோடு.