முதியோர் இல்லத்தின் தரம் அறிதல்

ஒரு பள்ளியின் தரத்தை எவ்வாறு அறிவது என்று கேட்டால் ஆசிரியர் எவரும் தடுமாறார். கட்டடம் எப்படி, ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் பெற்ற பயிற்சி யாது என்று முதலில் பார்ப்போம். அடுத்து, வகுப்பில் பாடம் நடக்கும் முறையைப் பார்ப்போம். முடிவில், மாணவன் என்ன கற்றான் என்று பார்ப்போம். ஆனால், முதியோர் இல்லம் ஒன்றின் தரத்தை எவ்வாறு அறிவது என்று கேட்டால் நம்மிற் பலர் விடையின்றி நிற்கிறோம். “சுத்தமாக இருக்கிறதா? மாதக் கட்டணம் எவ்வளவு?” என்னும் இரண்டு கேள்விகளோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எவற்றைப் பார்க்கவேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தோட்டம் கலைந்த பின்

பேரா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் முதியவரைப் பேணுவது தனிச் சிக்கலாக எழவில்லை. பால்மரம் சீவி ஓய்ந்த பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். நோய் கண்டால் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர் மருந்து கொடுத்தார். அதனைச் சிறந்த வாழ்வு என்று நாம் கூற மாட்டோம். மலேரியாவும் வறுமையும் லயத்தை விட்டு அகலாதிருந்த காலமும் உண்டு. ஆயினும், இரவில் முனகினால் அம்முனகலின் பொருளை அறிந்த ஒருவர் பலகைச் சுவருக்கு அப்பால் இருந்தார்.

1950, 1960ஆம் ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனையும் அழிந்து வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். சிறிய அடுக்குமாடி வீட்டில் கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்றால், படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்க்க ஆளில்லை. நம் நாட்டு மக்களுள் 65 வயதைக் கடந்தோர் 2020ஆம் ஆண்டை ஒட்டி நூற்றுக்கு ஏழு பேர் என்ற அளவை எட்டினர். முதியோர் விழுக்காடு மிகுந்த மாநிலங்களுள் பேராவும் ஒன்று. பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது அறமா அன்றா என்னும் வாதம் வேறு. சேர்க்க நேர்ந்தபின் தரம் பாராமற் சேர்ப்பது அறமன்று என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது.

எவ்வகை இல்லம்?

இல்லங்கள் எல்லாம் ஒரு வகையின அல்ல. ஆதரவும் வருவாயும் அற்ற 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசாங்கத்தின் சமூக நல இலாகா ‘ரூமா ஸ்ரீ கெனாங்கான்’ என்னும் இல்லங்களை நடத்துகிறது. பேராவில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒன்று உண்டு. தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத நோயாளிகளுக்கு ‘ரூமா எஹ்சான்’ என்னும் வேறு இல்லங்கள் உள்ளன.

தனியாரும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் பராமரிப்பு நிலையங்கள் 1993ஆம் ஆண்டின் 506ஆம் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு பெறவேண்டும். தாதியரைக் கொண்டு மருத்துவப் பணிவிடை செய்யும் தனியார் இல்லங்கள் சுகாதார அமைச்சின் பொறுப்பில் வரும். அவற்றுக்கு 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டம் உண்டு. முதியோர் நலப் பராமரிப்புக்கெனத் தனியே 802ஆம் சட்டம் 2018இல் இயற்றப்பட்டது.

உண்ணவும் உறங்கவும் இடம் தரும் நிலையம் வேறு. குழாய் வழி உணவு செலுத்தவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் தகுதியுடைய இல்லம் வேறு. ஆகவே, பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதும், அது எவ்வகைப் பணிக்குத் தரப்பட்டது என்று பார்ப்பதும் முதற்படியாகும். இதனைக் கேட்க நாம் கூசவேண்டியதில்லை.

மூன்று அளவுகோல்கள்

மருத்துவப் பணியின் தரத்தை அளப்பது எப்படி என்னும் வினாவுக்கு 1966ஆம் ஆண்டில் தெளிவான விடை தந்தவர் அவேடிஸ் டொனபேடியன் என்னும் அறிஞர். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அமைப்பு, செயன்முறை, விளைவு என மூன்று அளவுகோல்களை அவர் வகுத்தார். பள்ளிக்கு நாம் கூறிய கட்டடம், பாடம், கற்றல் என்னும் மூன்றும் இவையே.

இவற்றுள் அமைப்பைக் காண்பது எளிது. அதனால் ஏமாறுவதும் எளிது. பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் முதியவரைப் புரட்டிப் படுக்கவைப்பதில்லை. விளைவோ தனித்து நின்றால் தவறான தீர்ப்புக்கு வழிகாட்டும். நோய் முற்றியவர்களை ஏற்கும் இல்லத்தில் இறப்பு மிகுதியாக இருக்கும்; அதனால் அவ்வில்லம் தாழ்ந்ததாகிவிடாது. பின்தங்கிய மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியைத் தேர்ச்சி விழுக்காடு ஒன்றைக் கொண்டு இகழ்வது எத்தகைய பிழையோ, அத்தகைய பிழை இது. இல்லத்திற்கு வந்த நாளில் அவர் எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்னும் மாற்றத்தையே நோக்கவேண்டும்.

அமெரிக்கா இதனைக் காலம் தாழ்த்தி உணர்ந்தது. அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் 1986ஆம் ஆண்டு அறிக்கையும், அதனை அடுத்து 1987இல் வந்த சட்டமும், ஏடுகளையும் கட்டடத்தையும் பெரிதும் நோக்கிவந்த மேற்பார்வையாளரின் கண்ணை அங்கு வாழும் மனிதர் பக்கம் திருப்பின. பணியாளரின் வசதிக்காக முதியவரைக் கட்டிவைத்தலும் மயக்க மருந்து கொடுத்தலும் கூடா என்று அச்சட்டம் உரிமை வகுத்தது.

உடலில் எழுதப்பட்ட சான்று

மருத்துவர் அல்லாத நாம் செயன்முறையையும் விளைவையும் எவ்வாறு காண்பது? சில அடையாளங்கள் எவர் கண்ணுக்கும் புலப்படும்.

முதலாவது, படுக்கைப் புண். ஒரே பக்கமாகக் கிடப்பவரின் இடுப்பெலும்பு, புட்டத்தின் மேற்பகுதி, குதிகால் ஆகிய இடங்களில் எடை அழுத்துவதால் இரத்த ஓட்டம் குன்றித் தோல் அழிகிறது. முதலில் சிவந்து தோன்றும். விரலால் அழுத்தினாலும் அச்சிவப்பு மறையாது. கருநிறத் தோலில் சிவப்பு எளிதிற் புலப்படாது. ஆகவே, நம்மவரிடம் அவ்விடம் சூடாகவோ கடினமாகவோ கருத்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் நெடுநாளைய தாதியர் வழக்கம். புரட்டிய நேரத்தைக் குறிக்கும் ஏடு உண்டா என்று கேட்கலாம். ஏட்டை நம்புவதற்கு முன் குதிகாலைப் பார்த்துவிடுக.

இரண்டாவது, எடை. ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கோ, ஆறு மாதத்தில் பத்துப் பங்கோ எடை குறைவது கருதத்தக்க இழப்பு என்பது மேனாட்டு இல்லங்களில் கொள்ளப்படும் அளவு. ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டி ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இழந்தால் காரணம் கேட்கவேண்டும். நோயாகவும் இருக்கலாம், ஊட்டிவிட ஆளில்லாமையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, உணவு வேளை. அந்நேரத்தில் சென்று பார்ப்பது பத்துக் கேள்விகளுக்கு ஒப்பாகும். முதியவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, படுத்தபடியே வாயில் இடுகிறார்களா? முதல் வாயை விழுங்கும் வரை பொறுத்திருக்கிறார்களா? தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா?

நான்காவது, விழிப்பு. பகல் முழுதும் எல்லோரும் உறங்கிக் கிடந்தால் அமைதி என்று மகிழலாகாது. தரப்படும் மருந்து எது, எதற்காக, யார் எழுதித் தந்தது என்று கேட்கவேண்டும். மனநோய்க்குரிய சில மருந்துகள் மறதி நோயுற்ற முதியோரின் இறப்பு அபாயத்தை உயர்த்துகின்றன என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2005இல் எச்சரித்தது.

ஐந்தாவது, பணியாளர் எண்ணிக்கை. மொத்தப் பெயர்ப் பட்டியலைக் கேட்டுப் பயனில்லை. இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பர், அவர்களுக்கு எத்தனை படுக்கைகள் என்று கேட்கவேண்டும். இங்கு எத்தனை ஆண்டுகளாகப் பணிபுரிகின்றனர் என்பதையும் கேட்கவேண்டும். அடிக்கடி ஆள் மாறும் இல்லத்தில் எவரும் எவரையும் அறியார்.

நான்காம் உறுப்பு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகக் கூறுவது தமிழாசிரியர் அறிந்ததே. நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு வள்ளுவர் நிறுத்தவில்லை. நான்காவதாக ‘உழைச்செல்வான்’ ஒருவனைச் சேர்க்கிறார். உழை என்பது பக்கம். பக்கத்தில் இருந்து பணி செய்பவன் என்பது பொருள். இந்நால்வருக்கும் உரிய இயல்புகளைப் பரிமேலழகர் தம் உரையில் விரித்துரைக்கிறார். உடனிருப்பவனுக்கு அவர் கூறுவன: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு.

இல்லத்தின் தரத்தை அறிய இதனினும் சுருங்கிய வினாத்தாள் கிடையாது. தாதியர் ஏடு மூன்றாவதைக் காட்டும்; பயிற்சிச் சான்றிதழ் நான்காவதைக் காட்டும். அன்பையும் தூய்மையையும் அங்குச் சென்று உட்கார்ந்தே காணவேண்டும். பெரியவரைப் பெயர் சொல்லியோ முறை வைத்தோ அழைக்கிறார்களா, படுக்கை எண்ணால் குறிப்பிடுகிறார்களா? உடை மாற்றும்போது திரையை இழுக்கிறார்களா? முன்னறிவிப்பின்றி ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருமுறை போனால் பல உண்மைகள் விளங்கும்.

வலிக்குரிய சொற்கள்

நம்மவர்க்கு இன்னும் ஒரு தேவை உண்டு. எந்த வெளிநாட்டு அளவுகோலும் அதனை நமக்காக எண்ணிப் பார்க்காது. தோட்டத்து முதியோரிற் பலர் தமிழிலேயே வாழ்ந்தவர். பின்னாளிற் கற்ற மலாய் மறதி நோயில் முதலில் நழுவக்கூடும். தாய்மொழி எஞ்சி நிற்கும். பக்கத்தில் இருந்து பணி செய்பவரோ இந்தோனேசியராகவோ மியன்மார் நாட்டவராகவோ இருப்பதுண்டு. அவர் அன்புடையவராகவே இருக்கலாம். ஆயினும் என்ன கேட்பார்? “சாக்கிட்?” என்பார். மலாயில் அச்சொல் நோயையும் குறிக்கும், வலியையும் குறிக்கும். பாட்டி தலையசைப்பாள். வலி மாத்திரை வரும்.

தமிழில் வலி ஒன்றன்று. குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, பிசைகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, விண்ணென்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. நெஞ்சு எரிகிறது என்பவருக்குச் செரிமானக் கோளாறு இருக்கலாம். நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். இவ்வேறுபாட்டை அறியாத இல்லத்தில் மற்ற யாவும் சரியாக இருந்தும் ஓர் உயிர் போய்விடக் கூடும். ஆகவே, ஒவ்வொரு பணிநேரத்திலும் தமிழ் அறிந்த ஒருவரேனும் உண்டா என்னும் வினாவைத் தரத்தின் உறுப்பாகவே கொள்ளவேண்டும். இதனைச் சலுகை என்று கருதலாகாது. மாட்டிறைச்சி உண்ணாமை, வெள்ளிக்கிழமை விரதம் முதலிய உணவு வழக்கங்களை மதிப்பதும் அவ்வாறே. ஐயப்பட்டு உண்ண மறுப்பவர் மெலிவார்.

ஆசிரியர் செய்யக்கூடியது

தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் பெற்றோர் இன்றும் பலவற்றுக்கு யோசனை கேட்டு வருகின்றனர். இல்லம் தேடுவோரும் வருவர். அவர்களுக்கு மேற்கூறிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். மற்றொன்றும் நம்மால் இயலும். வலி, பசி, தாகம், குளிர், மலசலம் ஆகியவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, எதிரே மலாய்ப் பொருளும் தந்து ஓர் அட்டை ஆக்குக. குத்துவதற்கு ‘மெஞ்சுச்சுக்’, தெறிப்பதற்கு ‘பெர்டென்யுட்’, மரத்துப்போவதற்கு ‘கெபாஸ்’ என்று மலாயிலும் நல்ல சொற்கள் உள்ளன. ஆறாம் ஆண்டு மாணவர் இரண்டு பாடவேளையில் இதனைச் செய்து முடிப்பர். அண்மையில் உள்ள இல்லத்தின் கட்டில் தலைமாட்டில் அதனை மாட்டி வைக்க ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். மகிழ்ந்து பெற்றுக்கொள்ளும் இல்லத்தைப் பற்றி நாம் நல்லது ஒன்று அறிந்தவர்களாவோம். வேண்டாம் என்று திருப்பித் தரும் இல்லத்தைப் பற்றியும் ஒன்று அறிந்தவர்களாவோம்.