மலைப்பலகை ஏறக் கற்றோம்

பனிமலைச் சரிவுகளிலே பலகையொன்றின் மீது நின்று வழுக்கி விளையாடுவோருக்குக் கோடை வந்துவிட்டாற் பெருந்துன்பம். மலை இருக்கும், பலகை இருக்கும், பனி மட்டும் இராது. இக்குறையைப் போக்கப் புகுந்தவர்களாலேயே மலைப்பலகை பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளிலும் சிலர் தனித்தனியே பலகைக்குச் சில்லுப் பூட்டிப் புல்மேடுகளில் இறங்கலாயினர். கொலராடோவில் ஜேசன் லீ என்பவரும் அவர்தம் தோழரும் 1993இல் இதற்கென நிறுவனமொன்றையே தொடங்கினர்.

பலகை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். அடியில் நான்கு சில்லுகள். துவிச்சக்கர வண்டிக்குப் போலவே காற்றடைத்த ரயர்கள், எட்டு ஒன்பது அங்குல விட்டத்தில். பாதங்களைப் பிடித்துக்கொள்ள மேலே இரு பட்டிகள். பலகை எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே வண்டியும் திரும்பும்படி அச்சுகளை அமைத்திருக்கிறார்கள். கைபிடி இல்லை. பலவற்றிற் பிறேக்கும் இல்லை.

இங்கிலாந்திலே புல்மேடொன்றுக்கு இப்பலகையுடன் சென்ற அன்று, எப்படி ஓடுவது என்றே நாம் வினாவினோம். கற்பிக்க வந்த இளைஞரோ எப்படி நிறுத்துவது என்பதிலே தொடங்கினார். உச்சியை நோக்கி நடந்த எம்மைத் தடுத்து, அடிவாரத்திலிருந்து பத்து யார் உயரத்திலேயே நிற்க வைத்தார். கீழே நல்ல சமதரை. பலகை தானாகவே ஓய்ந்து நிற்க அது வேண்டுமாம். பின்பு முன்னறிவிப்பின்றி எம்மை முதுகில் மெல்லத் தள்ளினார். தடுமாறி வலக்காலை முன்வைத்தோம். "அதுவே உங்கள் முன்கால்" என்றார். பெரும்பாலோருக்கு இடக்காலே முன்னிற்கும். எம்மைப் போன்றவரும் உளர்.

பலகை அசைந்தது. வேகம் கூடிற்று. அச்சம் வந்ததும் உடல் தானாகவே பின்னே சாய்ந்தது. கற்பவர் எல்லாருக்கும் வரும் பிழை இதுதான். பின்னே சாய்ந்தால் முன்சில்லுகளின் மீதுள்ள பாரம் குறைகிறது. பாரமற்ற சில்லுகள் நாம் விரும்பியபடி திரும்ப மறுக்கின்றன. எனவே, ஓடித் தப்ப மனம் துடிக்கும் அக்கணத்திலே முழங்கால்களை மடித்து, முன்காலின் மேற் பாரத்தை இட்டு, போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். சொல்வது எளிது! நாம் காலைப் பார்த்தோம், விழுந்தோம். விழும்போது கையை நீட்டி ஊன்றிவிட்டோம். மணிக்கட்டிற் காப்புக் கட்டியிராவிட்டால் எலும்பு முறிந்திருக்கவும் கூடும். பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டுக்கு இசைவளிக்கும் பெற்றோர் தலைக்கவசத்துடன் நின்றுவிடலாகாது. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்கும் காப்பு வேண்டும். கையை ஊன்றாமல் தோளால் உருண்டு விழுவதையும் புற்றரையிலேயே பழக்கிவிட வேண்டும்.

இனி, நிறுத்தும் வித்தை. நேரே கீழ்நோக்கி ஓடாமற் சரிவுக்குக் குறுக்கே செல்ல வேண்டும். மலைநாட்டு வீதிகள் ஏன் வளைந்து வளைந்து செல்கின்றன என்பதை அறிந்தவருக்கு இது விளங்கும். பெருவிரற் பக்கம் சாய்ந்தால் ஒரு திருப்பம். குதிக்காற் பக்கம் சாய்ந்தால் மற்றொன்று. பின்னையதே எமக்குக் கடினமாயிற்று. நாற்காலி இல்லாத இடத்தில் அமரப் போவது போன்ற நடுக்கம் அதில் உண்டு. திருப்பத்தை முடிக்காமற் தொடர்ந்து வளைத்தால் பலகையின் முகம் மேட்டை நோக்கும், மேடே பிறேக்காகிவிடும். தேர்ந்தவர்கள் பின்சில்லுகளைப் பக்கவாட்டிற் சறுக்கவிட்டு நிறுத்துவர். அது முதல் நாளைய பாடமன்று.

ரயரிற் காற்றைச் சற்றுக் குறைத்தால் வேகமும் தணியும் என்று இளைஞர் குறைத்துத் தந்தார். ஈரப்புல்லில் மட்டும் அதை நம்பக் கூடாதாம்.

மேலே ஏற்றிச் செல்ல அங்கு இயந்திரம் ஏதுமில்லை. ஒவ்வோர் இறக்கத்துக்கும் பலகையைச் சுமந்து நடந்தே ஏறினோம், தொடைகள் கெஞ்சின. பதினோராம் முறை பலகை மேட்டை நோக்கி வளைந்தது, தயங்கிற்று, நின்றது. நாமும் அதன் மீதே நின்றுகொண்டிருந்தோம். கீழிருந்த இளைஞர், இன்னும் பத்து யார் மேலே போகலாம் என்று கை காட்டினார்.